மதினி மாலை போட்டிருந்த வருஷங்கள்

விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி அது. உள்ளே தண்ணீர் போலத் தெளிந்த மருந்து. அந்த மருந்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதைத் துணுக்கு, ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் சிவந்தும், பஸ் குலுங்கும்போதெல்லாம் எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. பழனியிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். பையில் போட்டால் கவிழ்ந்துவிடும் என்று பயம். ஆஸ்பத்திரிக்காரர்களே அனுப்புவார்களாம், ஆனால் அவர்களுடைய ஆள் போவதற்கு இன்னும் சில நாள் ஆகுமாம். சீக்கிரம் வேண்டுமென்றால் நீங்களே கொண்டுபோய் லேபில் கொடுங்கள் என்றார்கள். எங்களுக்குச் சீக்கிரம்தான் வேண்டியிருந்தது. பக்கத்தில் கொய்யாக் கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னத்தா அது, கண்ணு மருந்தா?" என்று கேட்டாள். ஆமாங்க என்றேன். "வெயில் படாம வையி, கெட்டுப் போயிரும்" என்று தன் முந்தானையை இழுத்து என் கையின்மேல் போட்டாள். வத்தலக்குண்டு ரோடு பிரிகிறவரை அந்த முந்தானை அங்கேயே இருந்தது.

அது என் மதினியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. எந்த இடத்திலிருந்து என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. நான் எட்டாவதுவரை படித்தவள். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறித்திருக்கிறேன், கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில் கிடந்திருக்கிறேன், விடுதிகளில் நூறு பேருக்குச் சாம்பார் வைத்திருக்கிறேன். போன இடத்திலெல்லாம் பொம்பளைகளோடுதான் படுத்து எழுந்தேன். தலைவலிக்கு, முதுகுவலிக்கு, பல்வலிக்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பெண்ணுறுப்புக்கு மட்டும் எங்களிடம் இரண்டே பெயர்கள் இருந்தன. ஒன்று வசவு. குழாயடியில் சண்டை முற்றினால் வாயில் வரும். இன்னொன்று, 'அங்கன'. அங்கன என்றால் எங்கன என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அதற்கு ஒரு நோய் வந்தால் சொல்லவும் வழியில்லை. மதினியின் கதை முழுக்க இந்த ஒரு சிக்கல்தான்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. கொய்யாத் தோப்புக்காரக் குடும்பம், ஆனால் தோப்பு அடுத்தவர்களுடையது. கல்யாணமாகி மலையேறியவள் அட்டுவம்பட்டியில் இரண்டு அறை வீட்டில் அண்ணனோடு குடியிருந்தாள். அண்ணன் கொடைக்கானலுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறவர். மதினிக்கு ஏரிக்கு மேலே ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டி, விரிப்பு மாற்றுகிற சோலி. மகனைக் கோயம்புத்தூரில் வேலைக்கு அனுப்பியாயிற்று. எனக்கு ஓர் இடத்தில் நிலையாக இருக்க வராது. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம், அப்புறம் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி ஆகிவிடும். கட்டினவனும் அதைச் சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனான், அது போகட்டும். ஒவ்வொரு இடத்தையும் விட்டு வரும்போது நான் வந்து இறங்குகிற இடம் மதினி வீடு. எத்தனை நாள் இருப்பாய் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கதவைத் திறந்து என் பையை வாங்கிக்கொண்டே, "குளிருது, உள்ள வா. வெந்நி கெடக்கு" என்பாள். அவ்வளவுதான் விசாரிப்பு.

அப்படி நான் ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஒரு தடவை மதினி கழுத்தில் மாலையோடு கதவைத் திறந்தாள். பச்சைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, காலில் செருப்பில்லை. பழனி முருகனுக்கு மாலை போடுவது எங்கள் பக்கம் அதிசயமில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் போட்டு, விரதமிருந்து, மலையிலிருந்து நடந்தே இறங்கி, சாமியைப் பார்த்து மாலையைக் கழற்றிவிட்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்வார்கள். மாதவிலக்கு நின்ற பொம்பளைகள் தாராளமாகப் போடுவார்கள். மதினிக்கும் அப்போது நின்றிருந்தது. மாலை போட்ட வீட்டில் கறி, மீன் கிடையாது. மாலை போட்டவர் தரையில் தனிப்பாயில் படுக்கவேண்டும். புருஷன் பெண்டாட்டி தொட்டுக்கொள்ளக்கூடாது. அவரைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். என்னைப் பார்த்ததும் அண்ணன் அடுப்படியிலிருந்து, "ஏலே, வந்துட்டியா? சாமிகிட்ட துன்னூறு வாங்கிக்க. நான் ரசத்த ஊத்திக்கிட்டு வாரேன்" என்றார்.

தைப்பூசம் வந்தது, போனது. மதினி நடந்து போய்ச் சாமி பார்த்துவிட்டு மாலையோடே திரும்பி வந்தாள். பங்குனி உத்திரத்துக்குத்தான் இறக்குவேன் என்றாள். உத்திரமும் போயிற்று. நான் கிளம்பி உடுமலைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு, இன்னொரு தைப்பூசமும் கழிந்து மறுபடி வந்தபோதும் கழுத்தில் அதே மாலை, சாயம் போன அதே பச்சை. ஏதோ வேண்டுதல் என்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால் பலிக்காதாம். தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. குழந்தைக்குக் காய்ச்சலென்றால் தூக்கிக்கொண்டு வந்து திருநீறு போடச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் ஜீப் ஸ்டாண்டில் புலம்பிக்கொண்டிருந்தார். "ஊர்ல எல்லாச் சாமியும் ஒரு மண்டலத்துல எறங்கிருது. எங்க வீட்டுச் சாமி எறங்கவே மாட்டேங்குது. நான் பாட்டுக்கு மனுசனாப் பொறந்துட்டேன், என்னைய என்ன செய்யச் சொல்ற?" கூட இருக்கிற டிரைவர்கள் சிரிப்பார்கள். "நீயும் ஒண்ணு போட்டுக்கிருண்ணே, வீடே கோயிலாயிரும்" என்று ஒருத்தன் சொல்வான். அண்ணனும் சிரிப்பார். சிரித்துவிட்டு ஓட்டலில் போய் முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவார். சாமி காரியம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லமுடியாது. இது மதினிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்தத் தடவை நான் அவள் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். ஒரே அறையில் படுத்தால் ஆளைத் தெரிந்துவிடும். மதினி தூக்கத்திலும் சொறிந்தாள். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தாள். ஒண்ணுக்குப் போய்விட்டு வெளியே வரும்போது உதட்டைக் கடித்த தடம் இருக்கும். யூகலிப்டஸ் தைலப் பாட்டில் ஒன்று குளியலறை மாடத்தில் எப்போதும் இருந்தது. கொடைக்கானலில் தைலம் இல்லாத வீடு கிடையாது. சளிக்கு அது, மூட்டுக்கு அது, அட்டை கடித்தால் அது, பேன் வந்தால்கூட அதுதான். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் வெள்ளனே துணி துவைக்க உட்கார்ந்தேன். அவளுடைய பாவாடையைக் கல்லில் விரித்தபோது பின்பக்கம் ஒரு ரத்தக் கறை. சின்னதுதான். ஆனால் மாதவிலக்கு நின்று வருஷங்களான பொம்பளை. பாவாடையை அப்படியே பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். மதினி வந்து பார்த்துவிட்டு வெடுக்கென்று பிடுங்கப் பார்த்தாள்.

"நகம் பட்டிருச்சு புள்ள. விடு."

"எங்கன?"

"அங்கனதேன்."

"எத்தன நாளா மதினி?"

"என்னமோ அரிப்பு. குளிருக்குத் தோலு வெடிக்கும்ல, அந்த மாதிரி. தைலம் போட்டாச் சரியாப் போகும்."

"அங்கன தைலத்தப் போட்டீங்களா?"

"எரியத்தேன் செய்யும். எரிஞ்சாத்தானே புள்ள கேக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

விரலில் கீறல் இருக்கும்போது அந்தத் தைலம் பட்டாலே உயிர் போகும். அவள் அதை வருஷக்கணக்கில் போட்டு வந்திருக்கிறாள். மருந்துக்கடையில் படர்தாமரைக்கு விற்கிற ஒரு களிம்பையும் இடையில் வாங்கிப் போட்டிருக்கிறாள். கடைப்பையனிடம் காலில் என்று சொல்லி வாங்கினாளாம். இப்போது ஓர் ஓரத்தில் புண் ஆறாமல் நிற்கிறது, விரல் பட்டால் கெட்டியாக இருக்கிறது என்று கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏலத்தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு நாக்கில் இப்படித்தான் ஆறாத ஒரு புண் இருந்தது. அவள் என்ன ஆனாள் என்பதை நான் மதினியிடம் சொல்லவில்லை. கீழே இறங்கி டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். தைப்பூசம் முடியட்டும் என்றாள். "எந்தத் தைப்பூசம் மதினி?" என்று கேட்டேன். பாவாடையை என் கையிலிருந்து வாங்கி அவளே அலசினாள். அலசி முடித்துவிட்டு, நாளைக்குப் போகலாம் என்றாள். அண்ணனிடம் பழனிக்குப் போகிறோம் என்றோம். மாலை போட்டவள் பழனிக்குப் போவதை யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்.

அடிவாரத்தில் இருந்த ஆஸ்பத்திரி அது. பேர் வேண்டாம். பொம்பளை டாக்டர், ஐம்பதை ஒட்டிய வயசு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். என்ன செய்கிறது என்று கேட்டார். மதினி மேஜையைப் பார்த்தாள். அங்கன அரிப்புங்க என்று நான் சொன்னேன். உடனே அவர் பேனாவை வைத்துவிட்டு, "அவங்க சொல்லட்டும். எனக்கு அவசரமில்ல" என்றார். வெளியே வராண்டாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவசரமில்லை என்று அவர் சொன்னது பொய்தான், ஆனால் அந்தப் பொய்க்காக நான் இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். மதினி நெடுநேரம் கழித்து, "கீழ, ஒண்ணுக்குப் போற எடத்துக்கு ரெண்டு பக்கமும் தோலு மாறிப்போச்சுங்க" என்றாள். அத்தனை வார்த்தைகளை அவள் அதைப்பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

திரைக்குப் பின்னால் உயரமான கட்டில். நர்ஸ் பாவாடையை இடுப்புக்கு மேலே சுருட்டிவிட்டு, முழங்காலை மடக்கி இரண்டு பக்கமும் விரிக்கச் சொல்லி, மேலே ஒரு துணியைப் போர்த்தினாள். விளக்கைத் திருப்பினார்கள். நான் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். மதினியின் கண்கள் இறுக மூடியிருந்தன. மார்மேல் மாலை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், இப்போ தொடுறேன், இப்போ விரிச்சுப் பாக்குறேன், வலிச்சாச் சொல்லுங்க என்று சொல்லிச் சொல்லிச் செய்தார். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, "நீங்களே பாருங்க" என்று மதினியிடம் கொடுத்தார். மதினி தலையை ஆட்டினாள். "உங்க உடம்புதானம்மா" என்றார் டாக்டர். என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து மதினி பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மலைப்பூண்டுத் தோலு மாதிரில்ல இருக்கு. வெள்ளையா, மினுமினுன்னு."

"ஆமா, அப்படித்தான் ஆகும். தோல் மெலிஞ்சு வெளுத்து, இதழ் ஒட்டிப் போயி, வாசல் சிறுத்திருக்கு. சின்ன அசைவுக்கே கீறிக்கும்" என்றார் டாக்டர். பிறகு அதே குரலில், "வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?" என்று கேட்டார்.

மதினி கண்ணாடியை நர்ஸிடம் கொடுத்தாள். மெதுவாகப் படுத்துக்கொண்டாள். கையைத் தூக்கி மாலையைப் பிடித்தாள். "அதுக்குத்தானுங்க இது" என்றாள்.

நர்ஸுக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்தபோது, தெருப் பிள்ளைகள் திருநீறு வாங்கியது, அண்ணன் முட்டைக் குழம்புக்கு ஓட்டலுக்குப் போனது, டிரைவர்கள் சிரித்தது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வலிக்கிறது, வராதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. முருகன் பேரைச் சொன்னால் போதும், புருஷனும் கேட்பான், ஊரும் கேட்கும். "நல்ல மனுசந்தேன். குடிச்சிட்டு வந்து அடிக்கிற ஆளெல்லாம் கெடையாது. அவரு என்ன நெனப்பாரு? எனக்கு ஆச விட்டுப்போச்சுன்னு நெனைப்பாரு. இல்ல, எனக்கு ஏதோ சீக்கு, எங்கயோ போயி வாங்கிட்டு வந்துட்டேன்னு நெனைப்பாரு" என்று கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

இது ஒட்டுகிற சீக்கு இல்லை, யாரிடமிருந்தும் வருவதில்லை, யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஓரத்தில் இருக்கிற கெட்டிப் புண் எனக்குப் பிடிக்கவில்லை, இந்த நோயில் எப்போதாவது சிலருக்குப் புற்று வரும், அதனால் ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பவேண்டும், இன்றைக்கே இங்கேயே எடுக்கலாம், மரத்துப்போக ஊசி போட்டுவிடுவேன் என்றார். மதினி முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டாள். மாலை போட்ட உடம்பில் கத்தி படக்கூடாது, சாமி குத்தமாகிவிடும் என்றாள். டாக்டர், மாலை கழுத்துலதானே இருக்கு, நான் அங்க தொடமாட்டேன் என்றார். மதினி சிரிக்கவில்லை. அவள் பயம் சாமியைப் பற்றியதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. வெட்டவேண்டுமானால் மாலையைக் கழற்றவேண்டும். கழற்றினால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் வெறுங்கழுத்தோடு நிற்கவேண்டும். அப்புறம் வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டும்.

யாரும் அவளை நெருக்கவில்லை. டாக்டர் அடுத்த ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதது. மதினி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு தலையைத் தூக்கி மாலையைக் கழற்றினாள். பின்னலில் சிக்கியதை நான் எடுத்துவிட்டேன். கண்ணில் ஒற்றி என் கையில் கொடுத்தாள். "இம்புட்டு நாளு முருகன் என்னையப் பாத்துக்கிட்டாரு. போதும்" என்றாள்.

வெட்டினது எவ்வளவு நேரம் என்று கேட்டால், சோறு வடிக்கிற நேரம்கூட இல்லை. ஊசிதான் வலி. அப்போது மட்டும் என் விரலை நெரித்தாள். பேனா மூடி போல ஒரு வட்டக் கத்தியை வைத்து டாக்டர் திருகியது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தையல். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். ஒண்ணுக்குப் போகும்போது வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போங்கள், எரியாது. சோப்பு வேண்டாம். தைலம் போட்டதை நான் சொன்னதும், தைலம் இனிமேல் வீட்டிலேயே வேண்டாம் என்றார். "தைலத்த அங்க போட்ட ஆள நான் இப்பத்தாம்மா பாக்குறேன்" என்று அவர் சொன்னபோது மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளை ஆயக்குடியில் அவள் தம்பி வீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் குப்பியோடு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

மறுநாள் பொழுதுசாய மலைக்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் வாசலிலேயே பார்த்துவிட்டார். "சாமி எறங்கிருச்சா!" என்று கத்திவிட்டு வேறொன்றும் பேசாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். போனவர் ஆட்டுக்கறியோடு வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மதினி கறியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீ இரு" என்றாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே, கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தாங்க. எனக்குக் கீழ புண்ணு. துண்டு வெட்டி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. தையல் போட்டிருக்கு. புத்தா இருந்தாலும் இருக்குமாம்."

அண்ணன் சிரித்த முகத்தை மாற்றுவதற்குள் அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை, வலி தாங்காமல்தான் மாலை போட்டேன் என்று.

"எம்புட்டு நாளா?" என்று அண்ணன் கேட்டார்.

"மாலை போடுறதுக்கு முன்னாடி இருந்தே."

"முன்னாடின்னா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். எந்த நாட்களை அவர் எண்ணிப் பார்த்தார் என்பது எனக்கும் தெரிந்தது, மதினிக்கும் தெரிந்தது. "ஒரு வார்த்த சொல்லக் கூடாதாலே?" என்றார். பெண்டாட்டியிடம் அவர் 'லே' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஜீப் ஸ்டாண்டில் கூட்டாளியிடம் பேசுகிற குரல் அது.

"என்னன்னு சொல்ல?" என்றாள் மதினி.

அண்ணன் எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். எங்கேயும் ஓட்டவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தார். கறி வெந்து இறக்கிய பிறகு நான் போய்க் கூப்பிட்டேன். வந்து சாப்பிட்டார். அதிகம் சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவும்போது, "ரிசல்ட்டு வாங்க நான் கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல குலுங்கும்" என்றார். ஜீப் பஸ்ஸைவிட அதிகமாகக் குலுங்கும்.

காத்திருந்த நாட்களில் மதினி வேலைக்குப் போனாள், விரிப்பு மாற்றினாள். அண்ணன் தனிப்பாயில் படுத்தார். மாலை போட்டிருக்கும்போது அவளுக்கு என்று இருந்த பாய் அது. ரிசல்ட் வந்தது. புற்று இல்லை. ஆனால் நோய் உண்டு, உயிரோடு இருக்கும்வரை உண்டு. தினமும் மெல்லிசாகத் தடவ ஒரு களிம்பு, அப்புறம் வாரத்துக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொள்ளலாம். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை காட்டவேண்டும். நடுவில் நீங்களே கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், புதிதாகத் தடிப்போ புண்ணோ ஆறாமல் இருந்தால் அன்றைக்கே வாருங்கள் என்றார் டாக்டர். அண்ணன் வெளியே வராண்டாவில் நின்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டில் கைக்கண்ணாடி கிடையாது, சுவரில் அடித்த ஒன்றுதான். அடுத்த நாள் ஜீப்புக்கு வாங்கிவைத்திருந்த புது சைடு கண்ணாடியைக் கொண்டுவந்து மதினி பக்கத்தில் வைத்தார். "இதுல பின்னாடி வர்ற லாரியோட நம்பரே தெரியும்" என்றார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறகு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியவேண்டியதும் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு மதினி எல்லாரையும் போல மாலை போட்டாள், எல்லாரையும் போல இறக்கினாள்.

நான் அதற்குப்பின் நாலைந்து ஊர் மாறிவிட்டேன். இப்போது ஒரு கோழிப்பண்ணையில் வேலை. டவர் கிடைக்கும்போது மதினி போன் செய்வாள். மழை எப்படி, பூண்டு என்ன விலை, மகன் வந்தானா என்று பேசிவிட்டு வைக்கப்போகும்போது, "பாத்துட்டேன். ஒண்ணுமில்ல" என்பாள். எதை என்று சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போன வாரம் பேசும்போது முதலிலேயே அதைச் சொன்னாள்.

"பாத்தேன் புள்ள. வலது பக்கம் ஒண்ணு தடிச்சுக் கெடக்கு."

நான் கிளம்பி வரேன், போகலாம் என்றேன்.

"போயிட்டு வந்துட்டேன். முந்தாநாளே வெட்டி எடுத்தாச்சு."

"தனியாவா மதினி?"

"அவருக்கு சீசன்ல. ஏரிப்பக்கம் ஜீப்பத் திருப்ப முடியல. பஸ்ஸுல போனேன். இப்ப இருக்கறது புது டாக்டரு, சின்னப் பிள்ள. எங்க, எப்ப இருந்து, என்ன களிம்பு, முன்னாடி எங்க வெட்டுனது, எல்லாம் நானே சொன்னேன். வராண்டாவுல பக்கத்துல ஒருத்தி, நம்ம ஆயக்குடிப் பக்கத்துக்காரி. என்ன செய்யுதுன்னு கேட்டா, வயித்து வலிங்கிறா. வயித்து வலிக்காரி அப்படிச் சரிஞ்சா உக்காருவா? ஏ ஆத்தா, அங்கன அரிக்குதான்னு கேட்டேன். அழுதுட்டா. டாக்டருகிட்ட அவளுக்கும் சேத்து நானே சொன்னேன்."

"ரிசல்ட் எப்ப வரும்?"

"வரும்போது வரட்டும். நீ சோலியப் பாரு. வேண்டுதல் கீண்டுதல்னு ஏதாவது வச்சிராத" என்றாள். பிறகு, யாரோ கூப்பிடுகிறார்கள், ரூம் காலியாகிவிட்டதாம், விரிப்பு மாற்றவேண்டும் என்று வைத்துவிட்டாள்.